நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம்: நடுநிலை வகுப்பில் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி இது: 7, 8-ம் வகுப்புகளில் 40 பிள்ளைகள்; ஏழு பாடவேளை ஒதுக்கலாம். ஐஸ் குச்சியில் கோபுரம் கட்டச் சொல்லி மேசையை ஆட்டினால், ஒன்று எல்லாக் கோபுரமும் அசையாமல் நிற்கிறது, இல்லையென்றால் ஒட்டு விட்டு எல்லாம் சரிகிறது. எது ஏன் நின்றது என்று பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை. அதிகச் செலவில்லாமல் இதை உருப்படியாக எப்படி நடத்துவது?

முதலில் ஒன்றை மாற்றுங்கள்: மாடிகளில் எடை ஏற்றுங்கள். ஐம்பது ஐஸ் குச்சியில் கட்டிய கோபுரம் 60, 70 கிராம்தான் இருக்கும். அதை எப்படி ஆட்டினாலும் அதற்குள் பெரிய விசை எதுவும் பிறக்காது. நிலநடுக்கம் வெளியிலிருந்து கட்டடத்தைத் தள்ளுவதில்லை. தரை நகர்கிறது, மேலே இருக்கும் எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, இரண்டுக்கும் நடுவில் தூண் மாட்டிக்கொள்கிறது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வது இதனால்தான். விசை = நிறை × முடுக்கம். நிறை இல்லையென்றால் பாடமே இல்லை.

இரண்டாவது, எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். மேசையை ஆட்டும் முன்பே பிள்ளைகள் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்: மாடியின் எடையில் பிறக்கும் விசை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது, அந்த வழியில் எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும், ஏன். கட்டடப் பொறியியலாளர் செய்யும் வேலையும் இதுதான். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு தாளுக்காகத்தான்.

அதிர்வு மேசையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு பலகைக்கு நடுவே கோலிக்குண்டு போட்டு ரப்பர் பேண்டு மாட்டுவது எளிது. ஆனால் அது எல்லாப் பக்கமும் நகரும், சுழலும். ஒரு குழுவுக்குக் கொடுத்த ஆட்டத்தை அடுத்த குழுவுக்கு அப்படியே கொடுக்க முடியாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ட்ராயர் சேனல் (மேசை இழுப்பறை வழுக்கி ஓடும் இரும்புத் தடம்), 30 செ.மீ. நீளத்தில் ஒரு ஜோடி வாங்குங்கள். அடிப்பலகை 12 மி.மீ. ப்ளைவுட், 60 × 45 செ.மீ. அதில் இரண்டு மரச்சட்டங்களை இணையாகத் திருகி, சேனலின் வெளிப்பாகத்தை அவற்றில் பொருத்துங்கள். உள்பாகத்தை மேல்பலகையின் அடியில் ஒட்டிய சட்டங்களில் பொருத்துங்கள். மேல்பலகை 40 × 20 செ.மீ. இருக்கட்டும். 20 × 20 அடித்தட்டுள்ள இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருபுறமும் பைண்டர் கிளிப்பால் கவ்வலாம். கிளிப் உட்கார இடம் வேண்டும் என்பதால் சேனல்கள் விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும்.

இரண்டு சேனலும் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால் பாதியில் இறுகும். அதனால் ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு, மற்றதைத் தளர்வாக மாட்டி, பலகையைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த பிறகு முடுக்குங்கள். சேனல் முழுக்க மூடும் இடத்தில் ஒரு பிடிப்பு இருக்கும். அதைத் தவிர்க்க, 5 செ.மீ. இழுத்த நிலையை ஆட்டத்தின் நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பலகையை ஜி-கிளாம்ப் போட்டுக் கனமான மேசையோடு இறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஆட்டத்தில் பாதியை அந்த மேசையே வாங்கிக்கொள்ளும்.

ஓட்டுவதற்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கார்ட்லெஸ் டிரில் போதும். 8 செ.மீ. விட்டமுள்ள ப்ளைவுட் வட்டின் நடுவில் ஒரு போல்ட்டை மாட்டி டிரில்லில் பிடியுங்கள். நடுவிலிருந்து சரியாக 1 செ.மீ. தள்ளி இன்னொரு துளை. அதில் 5 மி.மீ. போல்ட். அங்கிருந்து 20 செ.மீ. நீள அலுமினியப் பட்டை மேல்பலகைக்குப் போகும். பட்டை இதைவிடக் குட்டையாக இருந்தால் ஒரு முனையில் ஒரு முடுக்கம், மறு முனையில் வேறு முடுக்கம் என்று ஆட்டம் ஒழுங்கு கெடும். நடு போல்ட்டின் தலை துருத்திக்கொண்டு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பட்டையைத் தட்டும். தலையை வட்டுக்குள் அமிழ்த்துங்கள், அல்லது பட்டைக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுங்கள். டிரில்லை மரக்கட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, சுவிட்சை ஆசிரியர் மட்டும் இயக்க வேண்டும்.

டிரில் கிடைக்காவிட்டால் கையாலேயே ஆட்டலாம், கைபேசியில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் செயலி) ஓடட்டும். ஆனால் 1 செ.மீ.க்கு மேல் போகாமல் இருக்கக் கட்டை வைத்து அதில் மோதவிடாதீர்கள். ஒவ்வொரு மோதலும் ஒரு சுத்தியல் அடி. அதில் பிறக்கும் முடுக்கம் நீங்கள் கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு இருக்கும். தடுப்புக்கட்டையில் மோதித்தான் பல பள்ளிகளின் மாதிரிகள் உடைகின்றன, நிலநடுக்கம் போன்ற ஆட்டத்தால் அல்ல.

இந்த மேசையின் அருமை, அதில் எண் இருக்கிறது என்பதுதான். முடுக்கம் = (2 × 3.14 × நொடிக்கு எத்தனை சுற்று)² × வீச்சு. வீச்சு என்பது நடுப்புள்ளியிலிருந்து ஒரு பக்கம் நகரும் தூரம். அது 1 செ.மீ. எனில், நொடிக்கு 1.6 சுற்றில் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.10 பங்கு வரும். 2 சுற்றில் 0.16, 2.5 சுற்றில் 0.25, 3 சுற்றில் 0.36. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1893-ன் 2002, 2016 பதிப்புகளில் நான்கு நிலநடுக்க மண்டலங்களுக்கு (2-லிருந்து 5 வரை) கொடுத்த காரணிகள் 0.10, 0.16, 0.24, 0.36. அதாவது மேசையின் நான்கு வேகங்கள் கிட்டத்தட்ட இந்த நான்கு மண்டலங்களுக்கும் பொருந்துகின்றன. வேகத்தைச் சரிபார்க்க, வட்டின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, வீடியோ எடுத்துப் பத்துச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 3 சுற்று வேகத்தில் அது 3.3 நொடி.

இங்கே கட்டாயம் இரண்டு கேள்வி வரும். "இது எத்தனை ரிக்டர், சார்?" என்பது ஒன்று. ரிக்டர் அளவு நிலநடுக்கம் பிறந்த இடத்தில் வெளிப்பட்ட ஆற்றலைப் பற்றியது. ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரே எண்தான். நம் காலடியில் எவ்வளவு ஆடியது என்பது ஊருக்கு ஊர் மாறும். மேசைக்கு ரிக்டர் கிடையாது, முடுக்கம் மட்டும்தான் உண்டு. மற்றது, "0.36-ல் நின்றதே, அப்படியானால் உண்மையான கட்டடமும் நிற்குமா?" என்பது. நிற்கும் என்று சொல்லிவிடாதீர்கள். மாதிரியைச் சிறிதாக்கும்போது எடை, விறைப்பு, வலிமை மூன்றும் ஒரே விகிதத்தில் சிறுப்பதில்லை. இரண்டு வடிவங்களில் எது மேல் என்று ஒப்பிட இந்த மேசை நம்பகமானது. எந்த வீட்டுக்கும் சான்றிதழ் கொடுக்க அல்ல.

முதல் பாடவேளையில் கட்டுமானம் வேண்டாம். மூன்று ஹேக்ஸா பிளேடுகளின் பற்களை டேப்பால் மூடி, மேல்பலகையில் செங்குத்தாக நிறுத்துங்கள். அகலப்பக்கம் ஆட்டத்தை எதிர்கொள்ள வேண்டும். மேலே 25, 20, 15 செ.மீ. உயரங்களில் தலா 50 கிராம் களிமண் உருண்டை. மேசையை மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள். நொடிக்கு 2 சுற்றை நெருங்கும்போது உயரமானது மட்டும் பேயாட்டம் ஆடும், மற்ற இரண்டும் அடக்கமாக இருக்கும். 3 சுற்றை நெருங்கும்போது உயரமானது அடங்கி நடுவிலுள்ளது ஆடத் தொடங்கும். குட்டையானது 4-ஐத் தாண்டினால்தான் அசையும். உருண்டையின் எடையும் பிளேடின் தடிமனும் மாறினால் எண்கள் கொஞ்சம் நகரும், வரிசை மாறாது.

இந்த இடத்தில் மெக்சிகோ நகரத்தைச் சொல்லுங்கள். 1985 செப்டம்பர் 19 அன்று, நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நிலநடுக்கம். நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்களிமண்ணில் நிற்கிறது. அந்த மண் ஏறக்குறைய 2 நொடிக்கு ஒரு முறை ஆடியது. மோசமாக அடிபட்டவை 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள். பக்கத்திலேயே இருந்த இரண்டு மாடி வீடுகள் பலவும், மிக உயரமான கோபுரங்களும் தப்பின. கட்டடத்தின் ஆட்ட நேரத்தை, மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் எத்தனை நொடியோ அவ்வளவு என்று தோராயமாகச் சொல்வார்கள்; 10 மாடிக்கு 1 நொடி. விரிசல் விட விட அது நீளும். அப்போது 2 நொடிக்கு நெருங்கி மண்ணோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். ‘உயரமான கட்டடம்தான் ஆபத்து’ என்று நம்பி வந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

இரண்டாவது பாடவேளையில் வடிவமைப்புக் கட்டளையைக் கொடுங்கள். ‘உறுதியான கட்டடம் கட்டு’ என்று பொதுவாகச் சொன்னால், நான்கு பக்கமும் மூலைக்கு மூலை குச்சி ஒட்டி மூடிவிடுவார்கள், அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. நான் பரிந்துரைப்பது இது: மூன்று மாடி, தளம் 12 × 12 செ.மீ., மாடிக்கு 10 செ.மீ. உயரம், ஒவ்வொரு தளத்திலும் 200 கிராம் எடை. மேல் இரண்டு மாடிகளுக்கு நான்கு பக்கமும் சார்ட் தாளில் சுவர். தரைத்தளம் வண்டி நிறுத்துமிடம். சுவர் கூடாது, முன்பக்கம் 8 செ.மீ. அகலத்துக்குத் திறந்தே இருக்க வேண்டும். நகரங்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு இதுதான்.

இந்த வடிவத்தில்தான் 2001 ஜனவரி 26 அன்று அகமதாபாத்தில் பல கட்டடங்கள் விழுந்தன. புஜ் நிலநடுக்கத்தின் மையம் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். மேலே சுவர்கள் உள்ள மாடிகள் ஒரு பெட்டியாக விறைத்து நிற்கும். ஆட்டம் முழுவதையும் சுவரில்லாத தரைத்தளத் தூண்களே வாங்கும். 2002-ல் திருத்திய ஐ.எஸ். 1893, இப்படிப்பட்ட திறந்த தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் கணக்கிட்ட விசையைப்போல 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. ‘ஏன் 2.5 மடங்கு?’ என்று பிள்ளைகளையே கேளுங்கள். முதல் சோதனை முடிந்ததும் பதில் அவர்களிடமிருந்தே வரும்.

பொருள்: தென்னை ஈர்க்கு. மூங்கில் குச்சியும் ஐஸ் குச்சியும் இந்த அளவுக்கு மிக விறைப்பு; 200 கிராம் எடையில் எதுவும் ஆகாது. ஸ்பகெட்டி (நீளமான இத்தாலிய நூடுல்ஸ்) சட்டென்று முறிந்துவிடும். 2 மி.மீ. தடிமன் ஈர்க்கு நான்கு நட்டு, மேலே 600 கிராம் ஏற்றி, மேல்மாடிகளில் சுவரும் ஒட்டினால், பெரும்பாலும் நொடிக்கு 2-லிருந்து 4 தடவைக்குள் ஆடும். நம் மேசையின் வேகமும் அதே எல்லைக்குள்தான் இருக்கிறது. தடிமனைச் சோதிக்க, பழைய பிளாஸ்டிக் ஸ்கேலில் 2, 2.5 மி.மீ. துளைகள் போட்டுக்கொடுங்கள், சிறிய துளையில் நுழையாமல் பெரியதில் நுழைந்தால் சரி. ஈர்க்கின் அடிப்பாகம் தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பதால், நான்கு தூணிலும் தடித்த முனை கீழே வர வேண்டும். பழைய விளக்குமாற்று ஈர்க்கு காய்ந்து சடக்கென்று முறியும், புதிது வளையும். இரண்டையும் ஒரே மாதிரியில் கலந்தால் முடிவுக்குப் பொருளே இல்லை.

குழுவுக்கு நான்கு பேர், மொத்தம் பத்துக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 35 செ.மீ. ஈர்க்கு நான்கு, அதற்கு மேல் மொத்தம் 1.5 மீட்டர் ஈர்க்கு, தையல் நூல் 2 மீட்டர், தளத்துக்கு அட்டைப்பெட்டி அட்டை, ஒரு சார்ட் தாளில் கால் பங்கு, ஃபெவிகால், ஹார்ட்போர்டில் மூன்று அடுக்கு அட்டை ஒட்டிய 20 × 20 அடித்தட்டு. பொருளுக்கு வரம்பு கண்டிப்பாக வேண்டும். வரம்பு இல்லையென்றால் எங்கே பலம் தேவை என்று யோசிக்காமல் எல்லா இடத்திலும் ஒட்டுவார்கள்.

துளையைக் காம்பஸ் முள்ளால் போட வேண்டும், பேனா முனையால் அல்ல. துளை பெரிதானால் தூண் தளத்தில் கழுத்தாடும். அந்தத் தளர்வு ஒட்டு காய்ந்த பிறகும் போகாது. ஒட்டைக் கொட்டினால் அட்டை ஊறி, உள்ளே இருக்கும் அலை மடிப்பு அமுங்கிவிடும். ஒரு இணைப்புக்கு உளுந்தளவு போதும். ஹாட் க்ளூ வேண்டாம்: கை சுடும் என்பது ஒரு புறம், இணைப்பு தூணைவிடத் தடித்துப்போகும் என்பது மறுபுறம். ஃபெவிகாலுக்கு முழுதாக ஒரு நாள் காயவிடுங்கள். கட்டிய அன்றே ஆட்டினால் சோதிப்பது கட்டடத்தை அல்ல, ஈரப் பசையை.

எடைக்கு மணல் நிரப்பிய சிறு ஜிப் கவர்கள். தட்டையாக்கி, தளத்தோடு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். கட்டாவிட்டால் தளம் ஒரு பக்கம் போகும்போது பை வழுக்கிக்கொண்டு நிற்கும். தூணுக்கு வர வேண்டிய விசை அந்த உராய்விலேயே போய்விடும். மோசமாகக் கட்டிய மாதிரி நன்றாக நிற்பதுபோல் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வடிவமைப்புப் பாடவேளையில் இரண்டு கருத்துகள் போதும். முதலாவது, சதுரச் சட்டம் சாயும், முக்கோணம் சாயாது. இதை நான்கு ஈர்க்கும் நான்கு குண்டூசியும் வைத்து ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். இரண்டாவது, நூல் இழுவையை மட்டுமே தாங்கும், தள்ளினால் தொய்யும். ஒரே மூலைவிட்டத்தில் நூல் கட்டினால் ஆட்டத்தின் பாதிச் சுற்றில் மட்டும் வேலை செய்யும், ஆகவே இரண்டு மூலைவிட்டத்திலும் கட்ட வேண்டும். ஈர்க்கு தள்ளலையும் தாங்கும், ஆனால் நீளமான மூலைவிட்டம் (இங்கே 15.6 செ.மீ.) வில்லாக வளைந்துவிடும். எதை எங்கே போடலாம் என்று அவர்களே முடிவு செய்யட்டும். தளர்வாகக் கட்டிய நூல் இல்லாத நூல்தான் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இதோடு, உடையும் பொருளுக்கும் வளையும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு சாக்பீஸையும் ஒரு துண்டு கட்டுக்கம்பியையும் கையில் கொடுத்து முன்னும் பின்னும் வளைக்கச் சொல்லுங்கள். சாக்பீஸ் எச்சரிக்கை இல்லாமல் இரண்டாகும். கம்பி வளைந்து, சூடாகி, பல தடவைக்குப் பிறகுதான் போகும். கான்கிரீட் சாக்பீஸ் வகை, இரும்பு கம்பி வகை. தூணைச் சுற்றி வளையங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் நுனியை 135 பாகை உள்நோக்கி மடக்கச் சொல்வது, உள்ளேயிருக்கும் கான்கிரீட் வெடித்து வெளியே வராமல் பிடித்துக்கொள்ளத்தான். 90 பாகையில் மடக்கினால் மேல்பூச்சு உதிர்ந்ததுமே வளையம் திறந்துகொள்ளும். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால், கான்கிரீட் போடும் முன் தூண் கம்பியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.

சோதனை நாளுக்கு முன் தட்டிப் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. மாதிரியின் உச்சியை 1 செ.மீ. இழுத்து விட்டுவிட்டு, வீடியோவில் ஐந்து ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணைக் கணிப்புத் தாளில் எழுதி, மேசையின் எந்த வேகத்தில் தன் கட்டடம் மோசமாக ஆடும் என்று குழு சொல்ல வேண்டும். சோதனை முடிந்ததும், மாதிரி நின்றிருந்தாலும், மறுபடி தட்டிப் பாருங்கள். முன்பு நொடிக்கு 3 தடவை ஆடியது இப்போது 2.3 தடவை ஆடுகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு இணைப்பு விட்டிருக்கிறது. உண்மையான கட்டடங்களிலும் நிலநடுக்கத்துக்குப் பின் மறைந்திருக்கும் சேதத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளில் இது ஒன்று. விரலால் ஒவ்வொரு இணைப்பாக அசைத்துப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள்.

சோதனை: ஒரே நேரத்தில் இரண்டு மாதிரி, ஆக ஐந்து ஜோடி. நொடிக்கு 1, 1.6, 2, 2.5, 3 சுற்று வேகங்களில் தலா 10 நொடி, நடுவில் நிறுத்தி உற்றுப்பார்க்க அரை நிமிடம். ஒரு ஜோடிக்கு 6, 7 நிமிடம் ஆகும். 40 நிமிடத்தில் இறுக்கமாகத்தான் முடியும், அதனால் எடை கட்டும் வேலையை மணி அடிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். முன்பக்கத் திறப்பு ஆட்டத்தின் திசைக்கு இணையாக வரும்படி மாட்டுங்கள். பின்னால் கட்டம் போட்ட தாளை வைத்து, குழுவில் ஒருவர் வீடியோ எடுக்கட்டும், ஒருவர் மேலிருந்து பார்க்கட்டும்.

மேலிருந்து பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், முதல் சோதனையில் பல குழுக்கள் ஒரே பொறியில் விழும். முன்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதால் பின்பக்கத்தில் மட்டும் குறுக்குக் கட்டுப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் விறைப்பு, முன்பக்கம் தளர்வு. கட்டடம் முன்னும் பின்னும் ஆடுவதற்குப் பதிலாகத் திருகும். முன்பக்க இரண்டு தூணும்தான் அதிகம் வளையும், முதலில் முறிவதும் அவையே. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு இது சாதாரண ஆட்டமாகத்தான் தெரியும். வடிவமைப்புக் கலையில் பிள்ளைகள் உண்மையில் நுழைவது இங்கேதான், இதற்கு அரைப் பாடவேளை செலவழித்தாலும் தகும். தீர்வு ஒன்றல்ல. முன்பக்கத் தூண்களை மூன்று ஈர்க்கு சேர்த்துக் கட்டித் தடிப்பாக்கலாம். தூணும் தளமும் சேரும் மூலையில் 2 செ.மீ. குட்டைத் தாங்கு வைக்கலாம், 8 செ.மீ. திறப்புக்கு அது இடைஞ்சல் இல்லை. இரண்டு பக்கச் சட்டங்களிலும் குறுக்குக் கட்டுப் போடலாம். ஆட்டத்தை அவை நேரடியாகத் தாங்காவிட்டாலும் திருகலை நன்றாகக் கட்டுப்படுத்தும்.

திருத்தும் பாடவேளையில் ஒரே ஒரு மாற்றத்துக்கு மட்டும் அனுமதி. மூன்று மாற்றம் செய்து கட்டடம் நின்றுவிட்டால், எது நிறுத்தியது என்று தெரியாமலே போகும். இரண்டாம் சோதனையை முதல் தடவை போலவே நடத்தி, பிறகு மாதிரியை 90 பாகை திருப்பி மாட்டி மறுபடி ஆட்டுங்கள். நிலநடுக்கம் எந்தத் திசையில் வரும் என்று சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரு திசையைப் பலப்படுத்தி மறு திசையை மறந்த கட்டடம் இங்கே தெரிந்துவிடும்.

மதிப்பெண் பத்துக்கு: கணிப்புத் தாளுக்கு 3, உடைந்த இடத்தைக் கண்டு காரணம் எழுதியதற்கு 3, ஒரு மாற்றத்தைத் தேர்ந்ததற்கான நியாயத்துக்கு 3, நின்றதற்கு 1. ‘பின்பக்கம் மட்டும் விறைப்பாக இருப்பதால் முன்பக்க இடது தூண் அடியில் முறியும்’ என்று எழுதி, அது அப்படியே முறிந்த குழு 9 வாங்கும். தற்செயலாக நின்று, ஏன் என்று சொல்லத் தெரியாத குழு 1 வாங்கும். பெற்றோர் கேட்டால் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கிராமப்புறப் பள்ளியாக இருந்தால் தூண் கட்டடத்தோடு நிறுத்தாமல் சுவர் வீட்டையும் எடுங்கள். மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் வந்தது 6.2 அளவுதான், ஆனால் 8,000-லிருந்து 10,000 பேர் வரை இறந்தார்கள். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர், அதன்மேல் மண் கொட்டிய கனமான கூரை. எடை அதிகம், பிடிப்பு குறைவு. இதைக் காட்ட மணல் நிரப்பிய தீப்பெட்டிகளைச் செங்கல்லாக வைத்து, மைதாப் பசையை மெல்லியதாகத் தடவி, கதவுத் திறப்போடு 20 செ.மீ. உயரத்தில் இரண்டு வீடு கட்டுங்கள். ஒன்றில் மட்டும் கதவுக்கு நேர்மேலே லிண்டல் மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றி, உள்ளும் புறமும், பருத்தி நாடாவை ஒட்டுங்கள். ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட்டினால், நாடா இல்லாத வீட்டின் மூலைகள் செங்குத்தாகப் பிளந்து சுவர்கள் தனித்தனியாக வெளியே விழும். நாடா கட்டியதில் விரிசல் வரும், ஆனால் நான்கு சுவரும் ஒன்றையொன்று விடாது. உண்மையான வீட்டில் அடித்தள மட்டம், லிண்டல் மட்டம், கூரை மட்டம் ஆகியவற்றில் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஓடுவது இதற்குத்தான். பட்டை எங்கேயும் அறுபடக்கூடாது. ஒரு ஜன்னலுக்காக வெட்டினால் பயன் போய்விடும். குஜராத்தின் கட்ச் பகுதியின் வட்ட வடிவ ‘புங்கா’ (bhunga) மண் வீடுகள் 2001-ல் பெரும்பாலும் தாக்குப்பிடித்ததையும் சொல்லுங்கள். பிளப்பதற்கு அங்கே மூலையே இல்லை, கூரையும் இலேசு.

‘நம்ம ஊரில் நிலநடுக்கம் எங்கே வருகிறது?’ என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவில் வந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் வந்து சென்னையில் மக்கள் வீதிக்கு ஓடினார்கள். 2002 வரைபடம் சென்னையை 2-ம் மண்டலத்திலிருந்து 3-க்கு உயர்த்தியது. மேசையில் நொடிக்கு 2 சுற்று ஓட்டும்போது, ‘இது அந்த வரைபடத்தின்படி சென்னைக்கான காரணி’ என்று சொல்லுங்கள்.

எப்படியும் ஒரு குழு கட்டடத்துக்கு அடியில் கோலிக்குண்டு வைக்கட்டுமா என்று கேட்கும். தடுக்காதீர்கள், நல்ல யோசனைதான். 2001-க்குப் பின் புஜ் நகரில் திரும்பக் கட்டிய மாவட்ட மருத்துவமனை ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. அவர்களிடம் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: காற்றடித்தால் உருளாதா, ஆடி முடிந்ததும் பழைய இடத்துக்கு எது இழுத்துவரும், ஆட்டத்தை எது தணிக்கும்? ரப்பர் பேண்டை நான்கு மூலையிலும் மாட்டி இரண்டாவதற்கும், இரண்டு தட்டுக்கும் நடுவே ஸ்பாஞ்ச் துண்டு வைத்து மூன்றாவதற்கும் விடை தேடுவார்கள். நொடிக்கு 3 சுற்றில் கட்டடம் அசையாமல் நிற்கும். அதே கட்டடம் 1 சுற்றில் தாறுமாறாக ஆடும். ஏன் என்று ஹேக்ஸா பிளேடு பாடத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.